இரண்டாவது மூன்று மணி

அக்டோபர் கடைசி ஞாயிறு.
விடிகாலை நான்கு அடித்ததும்
பின்லாந்தின் கடிகாரங்கள் எல்லாம்
மூன்றுக்குத் திரும்பிப் போயின.
கயானி மருத்துவமனையில்
இரவுப் பணித் தாதி தூலிக்கி
பதினோரு மணி நேரம் நின்றாள்.
பத்துதான் என்கிறது
என் சம்பள மென்பொருள்.

மார்ச்சில் ஒரு மணியை விழுங்கியபோது
அது யாரையும் கேட்கவில்லை.
திருப்பித் தர மட்டும்
படிவம் பதினேழு, காரணம், மேலொப்பம்.

நிதிப்பிரிவு ரௌனோ சொல்கிறார்:
"வருஷக் கடைசி. கூடுதல் நேரக் கணக்கில்
ஒரு யூரோ மிச்சமில்லை.
ஒரு மணி நேரம்தானே எய்லா, விடு."

விட்டிருப்பேன்.
தூலிக்கி தொலைபேசியில்
பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒன்பதாம் அறைக்காரர் இறந்த நேரம் 3.40.
ஔலுவிலிருந்து பனியில் ஓட்டிவந்த மகள்
வாசல் பதிவேட்டில் 3.50.

"தாளில் அவள் பத்து நிமிடம் பிந்திவிட்டாள்.
ஆனால் ஐம்பது நிமிடம்
அப்பாவின் கையை விடவேயில்லை, நான் பார்த்தேன்.
வந்தது முதல் மூன்றில்.
அவர் போனது இரண்டாவதில்.
உங்கள் கட்டத்தில் இதை எங்கே எழுத?"

கட்டம் இல்லை.

படிவம் பதினேழை எடுத்தேன்.
காரணம் என்ற கோட்டின் மேல்
'அந்த ஒரு மணி நேரம் நடந்தது'
என்று மட்டும் எழுதினேன்.
வெளியே நான்கு மணிக்கே இருட்டு.
ரௌனோ வேண்டுமானால்
பல்புச் செலவில் பிடித்துக்கொள்ளட்டும்.