செப்டம்பர் கணக்கு

எங்கள் ஊரில் குழி முதலில், சாவு பிறகு.
கிரீன்லாந்தின் இந்தக் கரையில்
அக்டோபரில் மண் இறுகிவிடும்.
மே வரைக்கும் கடப்பாரை இறங்காது.
ஆகவே செப்டம்பர் முடிவதற்குள்
நகராட்சியின் மஞ்சள் இயந்திரத்தில் ஏறி
வரப்போகும் குளிர்காலத்துக்கான பள்ளங்களை
வெட்டி வைக்கிறேன்.
எத்தனை என்பதுதான் கேள்வி.

மீன் ஆலை மாடியில் கூடுவோம்.
நான்கு பேர், ஆறிய காப்பி.
தாதி பிபியானே பெயர் எதுவும் சொல்லமாட்டாள்,
விரலை மட்டும் மடக்குவாள்.
"போன வருஷம் ஆறு வெட்டி ஒன்று மிச்சம்"
என்பார் உபதேசியார் ஓசேயா,
விற்காத ரொட்டியைச் சொல்வதுபோல.
ஐந்து என்று முடிவாகும்.
உடனே யாராவது பேச்சை
ஹாலிபட் விலைக்குத் திருப்பிவிடுவார்கள்.

துறைமுகத்தில் நின்று பார்த்தாலே தெரியும்,
வெள்ளைச் சிலுவைகளுக்கும்
பிளாஸ்டிக் பூக்களுக்கும் கீழே
ஐந்து கறுப்பு வாய்கள்.
யாரும் எண்ணுவதில்லை. எல்லோருக்கும் எண்ணிக்கை தெரியும்.
கடை வரிசையில் என் பின்னால் வருகிறவர்கள்
ஓரடி தள்ளி நிற்பார்கள்.
நுக்கன்னுவாக் மட்டும் நெருங்கி வந்து கேட்பார்:
"எனக்குக் கடல் பக்கம்தானே?
மலைப் பக்கம் என்றால் எனக்கு மூச்சு முட்டும்."
நான்கு குளிர்காலமாக இதே கேள்வி.
ஆள் இன்னும் கயாக் தள்ளுகிறார்.

அந்த விரல்களில்
இருபது வயது மடங்கியதே இல்லை.
கடல் எடுத்துக்கொண்டது என்று ஒரு வாக்கியம் உண்டு எங்களிடம்.
நுரையீரலுக்கு ஒன்று, வயசானதற்கு ஒன்று.
என் தம்பிக்கு மட்டும் வாக்கியம் கிடைக்கவில்லை.
அவன் தானே போனான்.
சவப்பெட்டியைச் சுற்றி நின்ற ஊர்
காற்று எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்தது.

அது எலியோனோராவை நினைத்து வெட்டிய குழி.
அவளுக்கும் அது தெரியும்.
ஜூன் வரை இருந்தாள். கோயிலில் என்னைக் கண்டால்
கடன் வாங்கியவள்போலத் தலை குனிவாள்.
யார் யாரிடம் வாங்கிய கடன்,
இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வெட்டிய அன்று அவனும் வந்திருந்தான்.
தேநீர்க் குடுவையை நீட்டிவிட்டு
விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு
சூயிங்கம் மென்றான்.
"ஓரம் எவ்வளவு நேர் பார், அண்ணா" என்றான்.
"ஆழம் போதுமா?"
போதும் என்றேன்.
வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று
இயந்திரத்தின் இரைச்சலில் இன்னும் யோசிக்கிறேன்.

பத்து மாதம் அவன் பெயர் ஒரு நாக்கிலும் ஏறவில்லை.
செத்தவன் பெயர் பிள்ளை ஒன்றுக்குப் போகும்வரை
அதைத் தொடக்கூடாது, எங்கள் வழக்கம்.
பிறகு கடைக்காரி இவாலுவுக்குப் பெண் பிறந்தது.
பெண் என்றால் என்ன, பெயருக்கு ஏது ஆண் பெண்.
இப்போது ஊரே கத்துகிறது:
"உல்லோரியாக், பனியைத் தின்னாதே!"
"உல்லோரியாக், செருப்பு எங்கே?"
என் அம்மா அவளுக்குச் சீல் இறைச்சியில்
நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைக்கிறாள்.
நான் அவளைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன்.
அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

பெயர் வந்துவிட்டது.
ஏன் போனாய் என்று கேட்க
அந்த மூன்று வயதிடம் போக முடியுமா?
ஊருக்கு அது ஆறுதல்.
எனக்கும்தான், பாதி நாட்களில்.

இந்தச் செப்டம்பரில் ஐந்து என்றபோது
"ஆறு" என்றேன்.
பிபியானேயின் விரல் நின்றது.
"ஆறாவது யார்?"
"நாம் எண்ணாத ஆள்" என்றேன்.
காப்பி இயந்திரம் குமிழியிட்டது.
ஹாலிபட் விலையை யாரும் எடுக்கவில்லை.
ஓசேயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டிக்கொள்ளாமல் சொன்னார்:
"என் மகன் ஒருவாரமாகக் கதவைத் திறக்கவில்லை."

அன்று கூட்டம் முடிய இருட்டிவிட்டது.

ஆறாவதை நேற்று வெட்டினேன்.
வேண்டுமென்றே கோணலாக,
எந்தப் பெட்டியும் இறங்காதபடி.