மூன்றாவது பூத்

கொமியூனிக்கேசனைக் கழற்றி
பல்லு டொக்டர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தபோது
ஜவாஹிர் கேட்டார்:
"ஒன்பது வருசம் இருந்தனீங்க. என்ன வேணும்?"
மணிக்கூடு வேண்டாம்.
மின்விசிறிக்குக் கழுத்து ஆட்டம்.
மூன்றாவது பூத்தின் கண்ணாடியைக் கேட்டேன்.

ஓட்டோவில் மடியில் ஒன்று, காலடியில் இரண்டு,
நடுவில் பழைய போர்வை.
பஸ் நிலையத்தடியில் மான்கள் குறுக்கே நிற்க
பிரேக் பிடித்தான்.
என் முழங்காலைக் கேட்கவில்லை,
"கண்ணாடிக்கு ஒண்டுமில்லையே?" என்றான்.
பாலையூற்று வரை பள்ளங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
எண்ணுவதுதானே என் வேலை.

அந்தப் பூத்துக்கு வெளியே என் மேசை.
உள்ளே கதைப்பது எனக்குக் கேட்காது.
செக்கன் ஓடும்.
ரியாத், டோஹா, சூரிச்.
வாய்கள் திறந்து மூடும்.
சிலர் சுவரைப் பார்த்துக் கதைப்பார்கள்,
சிலர் நேரே என்னைப் பார்த்து,
என்னோடு கோபித்ததுபோல.
அழுதுகொண்டு வெளியே வந்தவர்களுக்கும்
மீதிக்காசைச் சரியாகக் கொடுத்திருக்கிறேன்.

அலோசியஸ் வெட்டியின் முனையை
மண்ணெண்ணெயில் தோய்த்தான்.
"அஞ்சு மில்லி. ஒரு அடிக்கு மேல தண்ணி விடாதேங்கோ."
பிறகு வெளிச்சத்துக்குப் பிடித்தான்.
"இதிலை ஆரோ நம்பர் கீறியிருக்கினம், அக்கா.
மோதிரக் கல்லாலை."
சைபர் சைபர் நாலு ஒண்டு, அதற்குப் பிறகும் நீண்டது.
நாளுக்கு இரண்டு தரம் துடைத்த கண்ணாடி.
ஒருநாளும் என் கண்ணில் படவில்லை.

"நான் கோடு போட்டாலும்
அது தன்ர கோட்டாலைதான் போகும்."
அப்படியேதான் போனது,
ஏழாம் இலக்கத்துக்கும் எட்டாம் இலக்கத்துக்கும் நடுவால்.
சின்னத் துண்டை அவன் சாக்குக்குள் போட்டபோது
சத்தம் வந்தது. அவ்வளவுதான்.
முன்பக்கத்தை இரண்டு அங்குலம் குறைத்துக்கொண்டோம்.

சிலிக்கன் வினாகிரியாய் மணந்தது.
"அச்சாறோ போடுறாய்?" என்று
மதிலுக்கு மேலால் ரொசிட்டா.
சவர்க்காரத் தண்ணீரில் விரலைத் தொட்டு
மூலைகளை இழுத்தேன்.
ரியூப்பில் ஒருநாள் என்று போட்டிருந்தது,
நான் மூன்று நாள் விட்டேன்.
கீழே ரெஜிபோம், அதற்குக் கீழே
விற்றுப்போன தையல் மெசினின் மேசை.

தண்ணீர் விட்ட அன்றிரவு
பின்மூலையில் ஒரு சொட்டு.
டோர்ச்சோடு குந்தியிருந்து பார்த்தேன்:
நாற்பத்திரண்டு செக்கனுக்கு ஒன்று.
விடிய விடிய ரசீது எழுதலாம்.
பிளேட்டால் சுரண்டி, துடைத்து, மறுபடி பூசி,
மறுபடி நிரப்பி
விறாந்தையில் அப்படியே விட்டேன்.
ஒரு கிழமை.
பிறகு இன்னும் ஒரு கிழமை.

டெங்கு பார்க்க வந்த பிஎச்ஐ
திலகசிரி ஐயா ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்தார்.
தொட்டியின் முதல் குடிமக்கள்
நெளிந்துகொண்டிருந்தார்கள்.
"அம்மா, இது என்ன?"
"மீன்தொட்டி."
"மீன் எங்க?"
"இனித்தான்."
சிவப்பு நோட்டீசில் என் பெயரைப் பாதி எழுதினார்,
கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பைக் பெட்டியிலிருந்து ஒரு சோடாப் போத்தல் வந்தது.
கிணறுகளுக்கு விடுகிற கப்பி, ஆறு.
கையெழுத்து வாங்கிய படிவத்தில்
'கிணறு: ஒன்று' என்று எழுதினார்.
தொட்டிக்கு அதில் இடமில்லையாம்.

காலையில் குடம்பி ஒன்றுகூட இல்லை.

பாசி கீறலில்தான் முதலில் பிடிக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்றாம் மாதம் ஏழு இலக்கமும் பச்சையாகிவிட்டன,
கேற்றடியில் நின்றே வாசிக்கலாம்.
தபால்காரர் இது என்ன நம்பர் என்று கேட்டார்.
தண்ணீர் பில் நம்பர் என்றேன்.

மின்சாரம் போன இரவுகளில்
கதிரையை அந்தப் பக்கம் திருப்பிப் போடுகிறேன்.
வால் கிழிந்த கப்பி ஒன்று
நாலாம் இலக்கத்தில் வாயை வைத்துக் கொத்துகிறது,
விலகுகிறது, திரும்பி வருகிறது.
மூலையை விரலால் தடவிப் பார்க்கிறேன்.
காய்ந்துதான் இருக்கிறது.