அழகர் காந்தம், விலை அறுபது

குதிரை முடிந்துவிட்டது.
வாலை இரண்டு முறை அழித்து வரைந்தேன்.
குளம்புக்குக் கீழே மூன்று கோடு தண்ணீர்,
வைகைக்கு அதுவே தாராளம்.
சூடிக் கொடுத்த மாலை
வில்லிபுத்தூரிலிருந்து நேரத்துக்கு வந்துவிட்டதாகவே
வைத்துக்கொண்டேன்.
ஓரத்தில் ஒரு தோப்பரைக்காரன்;
அவன் பீய்ச்சும் தண்ணீரைச்
சட்டத்துக்கு வெளியே போகவிட்டேன்.

மிச்சம் பட்டு.

பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்காமல் எடுப்பது.
எது வருகிறதோ அது.
விடியும்வரை ஊருக்கே தெரியாது.
ஜபருல்லா அச்சகத்திலோ
ஐந்நூறுக்குக் குறைந்து ஓட்டமாட்டார்கள்,
அதுவும் பத்து நாள் முன்னால் கொடுத்தால்தான்.

"பச்சையப் போடு தாயி, பச்சைதான் ஓடும்"
என்றார் தனுஷ்கோடி.
புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக்
கடை மாற்றியதில்
எத்தனை டஜன் வளையல் உடைந்ததென்று
இன்றும் கணக்குச் சொல்பவர்.
போன வருடம் அவர் பேச்சைக் கேட்டேன்.
வந்தது வேறு.
எங்கள் வீட்டு பீரோவில் இடமில்லாமல்
பச்சைப் பட்டு அழகர்
முந்நூற்றுப் பதினொரு பேர்.

இந்த முறை அந்த இடத்தை
வெறுமனே விட்டேன்.
ஜபருல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மை பிடிக்கலன்னு நெனைப்பாங்கம்மா."
"சாமி இன்னும் உடுத்தல பாய்."
அவர் சிரிக்கவில்லை.
பளபளப்பு வேணாம், மேட் லேமினேஷன் போடு,
பேனா நிக்கும் என்று
பையனிடம் சொன்னார்.

யானைக்கல்லில் பாலம் இறங்கும் முக்கு.
ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு தட்டு, நான்கு மார்க்கர்.
கற்பூரம் ஏற்றிய சர்க்கரைச் செம்புகள்
தலைக்கு மேலே போயின.
மொட்டையில் சந்தனம் காயாத பிள்ளைகள்
தோள்களில் தூங்கிக்கொண்டே போயின.
எனக்குக் குதிரை தெரியவில்லை.
முதுகுகள் தெரிந்தன, வியர்வையில் ஒட்டிய சட்டைகள்,
ஒருவர் சட்டையில் சலவைக் குறிகூடத் தெரிந்தது.
திடீரென்று கூட்டம் ஒரே தொண்டையாய் எழும்ப,
யாரோ யாருக்கோ கத்தினார்கள்:
"செவப்பு!"

பக்கத்தில் நீர்மோர் ஊற்றியவர்
கரண்டியை ஒரு நொடி நிறுத்தினார்.
"செவப்பா" என்றார் மோரைப் பார்த்து.
பிறகு ஊற்றினார்.
நான் மூடியைக் கழற்றினேன்.

நூற்று நாற்பது போயிருக்கும்.
கோட்டைத் தாண்டாமல் அடிக்கக் கை பழகிவிட்டது,
நகக்கண்ணெல்லாம் சிவப்பு.
வெயில் ஏறிய பிறகு ஒருவர் வந்தார்.
கையில் பிளாஸ்க், சட்டைப் பையில்
பெரியாஸ்பத்திரி பாஸ்.

"இரும்புல ஒட்டுமா?"
"ஒட்டும்ணே."
"கட்டில் கம்பில? உருண்டையா இருக்கும்."
அழகரை வளைத்துக் காட்டினேன்.
பின்னால் இருந்த ஷட்டர் குழாயில் ஒட்டியும் காட்டினேன்.
"அப்பப் பச்சை அடிச்சுக் குடு."
"வந்தது செவப்புண்ணே."
"தெரியும். அது ஊருக்கு.
இது பதினேழாம் நம்பர் கட்டிலுக்கு."

காலையிலிருந்து திறக்காத மார்க்கர்.
உதறினேன், உள்ளங்கையில் தேய்த்தேன்,
பிறகுதான் பச்சை இறங்கியது.
அவர் பார்த்துக்கொண்டே நின்றதில்
கை நிலைகொள்ளாமல்
கோட்டைத் தாண்டிப்
பச்சை, குதிரையின் கழுத்திலும் ஏறிவிட்டது.
"வேற தாரேன்ணே."
"இல்ல, இது இருக்கட்டும்."

ஊதிக் காயவைத்துக்கொண்டே
பாலத்தில் ஏறினார்.
மொத்த ஜனமும் இறங்கி வந்துகொண்டிருந்தது.
பிளாஸ்க்கை மார்போடு அணைத்து,
காந்தத்தை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து,
ஒரு சைக்கிள் தள்ளுபவரிடம் திட்டு வாங்கி,
கோரிப்பாளையம் பக்கமாகப் போனார்.

நூறு ரூபாய்த் தாள் கொடுத்திருந்தார்.
மிச்சம் நாற்பது
என் கையில் இருக்கிறது.