பதினோரு நாள்

கோபி ரோட்டு ஷோரூமில், கண்ணாடிக்கு உள்ளே
இரண்டு பிக்கப். ஒரே வெள்ளை, ஒரே மூஞ்சி.
ஒன்றில் மட்டும் கியர் குச்சிக்குப் பக்கத்தில்
குட்டையாய் இன்னொரு குச்சி.
அந்தக் குட்டைக்கு விலை
ஒரு லட்சத்து எழுபதாயிரம்.

"ஃபோர் வீலுங்ண்ணா, எங்க வேணாலும் ஏறும்"
என்றான் இஸ்திரி கலையாத பையன்.
எங்க வேணாலும் நான் ஏற வேண்டியதில்லை.
கடம்பூருக்கு அக்கட்டால, தார் முடிந்த இடத்திலிருந்து
பதினாலு கிலோமீட்டர், இரண்டு பள்ளம்,
ஐந்து ஊருக்கு கேஸ் சிலிண்டர்.
என் பூகோளம் அத்தனைதான்.

"வருசத்துக்கு எத்தன நாளுங்ண்ணா பள்ளத்துல தண்ணி போகும்?"

அதை நான் யோசித்ததில்லை.
வீட்டுக்கு வந்து டெலிவரி நோட்டைப் புரட்டினேன்.
'தண்ணி' என்று எழுதிக் கோடு இழுத்த பக்கங்கள்:
ஐப்பசியில் ஏழு, கார்த்திகையில் மூன்று,
சித்திரையில் ஒரு கோடைமழைக்கு ஒன்று.
மிச்சம் முந்நூற்று ஐம்பத்து நாலு நாளும்
பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும்,
யாருக்கும் யாரோடும் தகராறில்லை.

மச்சான் சென்னியப்பன் கணக்கில் புலி.
லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் அடிபடும் என்றான்,
டயர் நாலும் ஒண்ணாத் தேயும் என்றான்,
"பதினோரு நாள் மழைக்கு
வருசம் பூராக் கொடை புடிச்சுட்டுத் திரிவியா மாப்ள?"

துளசிமணி தக்காளி அரிந்துகொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"அந்தப் பதினோரு நாள்லதான்
அவிங்களுக்கு வெறகும் நனைஞ்சு கெடக்கும்."

மச்சான் சிரித்தான். நானும்.
சிரித்துக்கொண்டே போய்
குச்சி இல்லாத வண்டிக்கு முன்பணம் கட்டினேன்.
மிச்சமான காசு சின்னவளுக்கு,
பி.ஃபார்ம் இரண்டாம் வருஷம்.
தப்பென்று இப்போதும் சொல்லமாட்டேன்.

வண்டி ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று:
நிறைசிலிண்டர் நாற்பது முதுகில் இருக்கும்போது
பின்சக்கரம் மண்ணைக் கடித்துக்கொண்டு ஏறும்.
காலியைப் போட்டுத் திரும்புகையில்
பாதி கனம் போய்விடும், பல்லும் போய்விடும்,
சும்மா சுற்றிச் சேற்றை வாரியடிக்கும்.

முதல் ஐப்பசி. ஊஞ்சப் பள்ளத்து மேட்டில்
அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.
கேத்தன் வந்தான், ஜடையன் வந்தான்,
ஆதார் திருத்தப் போகிற பெண்கள் இருவர்,
சந்தைக்குப் போகிற ஒரு கிடா.
கேட்காமலே ஏறிப் பின்பலகையோரம் நின்றார்கள்.
ஆட்டையும் தூக்கி வைத்தார்கள்.
"இப்ப மிதிங்க."
மிதித்தேன்.
உள்ளங்கால் தரையைத் தொட்டதுபோல் ஒரு அழுத்தம்,
வண்டி மேட்டுக்கு வந்துவிட்டது.

(ஏஜென்சியில் சொல்லிவிடாதீர்கள்.
கேஸ் வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது,
கிடா பற்றி விதியில் என்ன இருக்கிறதோ.)

அந்த மாதம் முழுக்கப் பெருமையடித்தேன்.
மச்சானிடம், டீக்கடையில், செக்போஸ்ட்டில்:
"என்ற வண்டிக்கு மத்த ரெண்டு சக்கரமும்
ஆளுகதானுங்."

கார்த்திகை பிறந்து நாலாம் நாள்
பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர்.
நிறைவண்டிதான். ஆனாலும் அடியில் உருட்டுக்கல்,
நடுவில் மணல் புதிதாய் வந்து படுத்திருந்தது.
மூன்று தரம் முன்சக்கரத்தை நனைத்தேன்,
மூன்று தரமும் ரிவர்ஸ்.
கரையில் ஒருத்தரும் இல்லை.
அந்த மழையில் எதற்கு வருவார்கள்?

எஞ்சினை அணைத்தபோது
அக்கரையில், மரங்களுக்கு மேலே
ஐந்தாறு வீட்டுப் புகை தெரிந்தது.
வெள்ளையாய், கனமாய்,
மேலே போக மனமில்லாத புகை.
தீப் பிடிக்காத விறகுக்கு
அப்படித்தான் புகையும்.

இடது கை தன்னால் கியருக்குப் பக்கம் போய்
ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்தது.

நாற்பதும் திரும்ப இறங்கின.
ராத்திரி நோட்டில் 'தண்ணி' என்று எழுதினேன்.
விளக்கை அணைக்கப்போனவன் திரும்பி வந்து
அதை அடித்துவிட்டு
'வண்டி' என்று எழுதினேன்.