உலர் எடை

செவ்வாய், வியாழன், சனி.
காலை ஏழு மணி ஷிப்ட்டுக்கு நாங்கள் நால்வர்.
பெரியாஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டு,
ஜன்னல் வழியே கோரிப்பாளையத்து ஹாரன்.
நான்கு மணி நேரம் கையை அசைக்கக் கூடாது.
வாய்க்குத் தடையில்லை.

ஒச்சம்மா, உசிலம்பட்டி, வயசு இருபத்தாறு,
குரூப் டூ எழுதப் போகிறவள்.
அவளுடைய பொது அறிவுப் புத்தகத்தில்
அமெரிக்க ஜனாதிபதிகள் வருஷத்தோடு வரிசையாய்.
"மனப்பாடம் ஆகிருச்சு.
இதுல யாரு ஒசத்தின்னு சொல்லுங்க" என்றாள்.
மூன்று வாரமாய் ஓயவில்லை.

வாஷிங்டன் என்றார் துளசிராம் சார், பழைய எல்.ஐ.சி. ஏஜெண்ட்.
"போதும்னு எழுந்து போனவரும்மா.
நாற்காலியை விட்டுத் தானா எழுந்தவனை
நம்ம வார்டு கவுன்சிலர்லகூடப் பார்த்ததில்லை."
"எந்திரிச்சு எங்க போனாரு? தோட்டத்துக்கு.
அங்க வேலை பார்த்தவங்களுக்குக் கூலி உண்டா சார்?"
சார் கண்ணாடியைத் துடைத்தார்.
சாகக் கிடந்த அன்று வைத்தியர்கள்
அவர் ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்களாம்.

நால்வரும் அவரவர் குழாயைப் பார்த்தோம்.
சிவப்பு போகிறது. சிவப்பு வருகிறது.
"அவங்க திருப்பிக் குடுக்கல" என்றார் ஜுலேகா பீவி.
அதற்காகவே வாஷிங்டன் இரண்டு இடம் ஏறினார்.

இரண்டாம் கட்டில் கென்னடி, அவனியாபுரம், வெல்டர்.
அறுபத்திநாலு தையில் பிறந்தவர்;
அப்பா ரேடியோவில் கேட்ட ஒரு சாவை
மகனுக்குப் பேராய் வைத்துவிட்டார்.
"எம்பேருக்கு நானே பேசக் கூடாது" என்று ஒதுங்கியவர்,
அஞ்சாவது இடம் என்றதும்
"ஏன் அஞ்சு?" என்று எகிற,
பிரஷர் ஏறி மிஷின் அலறியது.
நாலாவது ஆக்கினோம். நர்ஸம்மா சொன்னதால்.

ஜுலேகா பீவிக்குப் பேர்கள் தெரியாது.
பள்ளிக்கூடத்தில் போட்ட கோதுமை ரவை தெரியும்,
சாக்கில் அச்சடித்த இரண்டு கைகள் தெரியும்.
"அதை அனுப்புன ஆள் யாரு?"
சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர்,
கப்பலை நிறுத்தி நிறுத்தி விட்டவர் இன்னொருவர் என்றார் சார்.
"அப்ப அந்தக் கைக்கே போடுங்க."
ஒச்சம்மா எழுதினாள்: ஆறு, கை.

பரவை மார்க்கெட்டில் வெங்காயம் எடை போட்டவன் நான்.
சாக்கைக் கழிக்கணும், ஈரத்தைக் கழிக்கணும்,
அழுகலைக் கழிக்கணும்,
மிஞ்சுவதுதான் சரக்கு.
இங்கேயும் அதே கணக்கு,
தண்ணீர் வடிந்தபின் நிற்கிற ஆளுக்கு
உலர் எடை என்று பேர்.

லிங்கனைத் தராசில் வைத்தோம்.
ஒரே காலையில் முப்பத்தெட்டுப் பூர்வகுடிகளுக்குத் தூக்கு,
அவர் ஒப்பிய பட்டியல்.
முந்நூறுக்கு மேல் இருந்ததை அடித்து
அந்த அளவுக்குக் குறைத்ததும் அவர் பேனாதான்.
குறைத்ததை வரவில் வைப்பதா,
மிஞ்சியதைச் செலவில் வைப்பதா?
மண்டியில் எனக்கு இப்படி ஒரு மூட்டை வந்ததே இல்லை.
முதல் இடம்தான் கொடுத்தோம்.
கொடுத்தபின் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

என் ஓட்டு சக்கர நாற்காலி ரூஸ்வெல்ட்டுக்கு.
"ஜப்பான் வம்சம்னு
லட்சம் பேரைக் கம்பிக்குள்ள வச்சவருண்ணே" என்றார் கென்னடி.
எனக்குப் பதில் இல்லை.
ஓட்டை மாற்றவும் இல்லை.

சனிக்கிழமை புது டெக்னீசியன்.
சீட்டின் பின்பக்கம் ஒச்சம்மா எழுதிய வரிசையைத்
திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசலில் கூப்பிட்டான்:
"ஆபிரகாம்! ஆபிரகாம் வந்தாச்சா?
வாஷிங்டன்! எடை பார்த்தாச்சா?
ரூஸ்வெல்ட்... நடப்பாரா, வீல்சேரா?"

"வீல்சேர்ண்ணே" என்றாள் ஒச்சம்மா, முகம் மாறாமல்.

உருட்டி வந்து நிறுத்தினான்.
நான்கு மணி நேரம் அது காலியாய் எங்களுக்கு நடுவே.
முடிந்து இறங்கியபோது
எனக்குத்தான் கால் துவண்டது.
உட்கார்ந்தேன்.
அந்த லட்சம் பேரையும் மடியில் வைத்துக்கொண்டு
லிஃப்ட் வரைக்கும் போனேன்.

லிஃப்ட் ரிப்பேர்.