பழைய எண், புதிய எண்

இரவு ஒன்றே முக்காலுக்கு
ராணிப்பேட்டையிலிருந்து போன்.
"மேடம், மீட்டர் செத்துப்போச்சு.
தண்ணி மட்டும் போய்க்கிட்டே இருக்கு."

தோல் கழுவிய நீரை அளக்கும் கருவி.
அதன் டிரைவரை எழுதியவள் நான்.
சத்துவாச்சாரி, இரண்டாம் ஃபேஸ்,
பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொன்று.

நிரலின் அடியில் மூன்று லேபிள்கள்:
பிழை2
பிழை1அ
பிழை1
அந்த 'அ' முதஸ்ஸிர் வைத்தது.
கார்த்திகை மழையில், கரண்ட் இல்லாத ஒரு மதியம்
நடுவில் ஒரு வேலைவரிசையைச் செருகினான்.
எண்களை மாற்றி எழுத யாருக்குப் பொறுமை?
பதினாலுக்கும் பதினைந்துக்கும் இடையில்
வீடு முளைத்தால் பதினாலு அ.
என் தெருவே அப்படித்தான் ஓடுகிறது.

நேற்றிரவு கடிகாரம் கிடைக்கவில்லை.
பழைய வரி பழைய பழக்கத்தில்
பிழை1க்கே தாவியது.
நினைவகத்தை விட்டது,
வரிசையைக் கலைக்கவில்லை.
இடித்துவிட்ட வீட்டுக்கு
அது கூரியர் அனுப்பிக்கொண்டே இருந்தது
இயந்திரம் உறையும்வரை.

பிழை1. சரி, எங்கோ தவறியிருக்கிறது.
வந்து நிற்கிறேனே, இங்கே நான் செய்ய வேண்டியது என்ன?
பாகாயம் பஸ்ஸின் நெற்றியில்
காட்பாடியிலிருந்து வருகிறேன் என்றா எழுதியிருக்கிறது?

பலகைகளை மாற்றினேன்.
கடிகாரத்தை_நிறுத்து
வரிசையைக்_கலை
நினைவகத்தை_விடு
கடைசியில் வாங்கியதை முதலில் திருப்பிக் கொடு
(என் அண்ணன் கடன் அடைப்பதும் இப்படித்தான்,
முதல் கடன்காரர் இன்னும் காத்திருக்கிறார்).
பெயர் மாறியதும் அந்த வரி
தானே பல்லிளித்தது:
'கடிகாரம் இல்லையென்றால் நினைவகத்தை_விடு.'
அப்போ வரிசை?

மேல்விஷாரத்தில் முதஸ்ஸிர் ஸஹருக்கு விழித்திருந்தான்.
"பேர் ரொம்ப நீளம். 'வெளியே'ன்னு ஒண்ணு போதாதா?"
"எதையெல்லாம் போட்டுட்டு வெளியே?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை. சாப்பிட்டிருப்பான்.
பிறகு: "நாளைக்கு வரிசை ரெண்டானா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
நாலு பத்துக்கு ஒப்புதல் போட்டான்.

ஐந்தரைக்கு மீட்டர்
சுழியிலிருந்து எண்ணத் தொடங்கியது.
அதற்குள் பாலாற்றுப் பக்கம் போய்விட்டதை
மேலேறி வாங்கிவர
எந்த லேபிளுக்கும் வழியில்லை.