நல்வரவு

அந்தியூர் ரோட்டில் சென்னியப்பனின் டயர் கடை.
லாரிச் சக்கரத்து விளிம்பில் சமன் பார்க்க அடித்த
சின்னச் சின்ன எடைகளைக் கழற்றி
பெயிண்ட் டப்பாவில் போட்டு வைப்பான்.
மாசம் ஒருக்கா போய்
கிரீஸ் பிசுக்கோடு வாங்கி வருவேன்.
டீக்குத்தான் காசு கேட்பான்.

ஒவ்வொன்றாய்க் கல்லில் போட்டுப் பார்க்க வேண்டும்.
கிண்ணென்றால் துத்தநாகம்.
அதில் ஒரு துண்டு கலந்தாலும் சட்டி மொத்தமும் கூழாகிவிடும்.
ஈயம் சத்தம் போடாது.
பந்தியில் இடம் பிடித்த பெரியப்பாவாட்டம்
தொத்தென்று உட்காரும்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
இரண்டு சட்டி கெட்டது.

பேட்டரி ஈயம் சேர்ப்பதில்லை.
பள்ளத்துக் காட்டில் அதை உருக்கினார்கள்.
வேலியோரம் மேய்ந்த மூன்று ஆடுகள்
அடுத்த அமாவாசையைப் பார்க்கவில்லை.

கட்டுத்தரைக்குப் பின்னால்
காற்று போகிற பக்கம் பார்த்து அடுப்பு.
தேங்காய்த்தொட்டிக் கரி.
ஈயம் இளகியதும்
எடையில் இருந்த இரும்புக் கிளிப்புகள் மேலே மிதந்தன.
இரும்பு மிதக்கும் குட்டையை
அரிகரண்டியோடு எட்டிப் பார்த்தபடி
முந்தானையால் மூக்கை மூடி நின்றேன்.

கோபியில் ஓர் அச்சாபீஸை இடித்தார்கள்.
எழுத்து சேர்த்தால் குண்டு கெட்டியாகும் என்று
இரண்டு சாக்கு அள்ளி வந்தார் வீட்டுக்காரர்,
கிலோ நூற்று நாற்பது.
கொம்பு தனி, கால் தனி,
யாருக்கும் சேராத ஒரு பிடி ஆய்தம்.
நூல் சுற்றிய ஒரு கட்டு மட்டும் பிரியாமல் கிடந்தது.
முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் படித்தேன்:
‘தங்கள் நல்வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்’.
கீழே பெயர்கள் உதிர்ந்து போயிருந்தன.
அதையும் சட்டியில் போட்டேன்.
முதலில் ‘ஆ’வின் சுழி போனது.
பிறகு எதுவும் எதுவாகவும் இல்லை.

நாற்பத்தொரு குண்டு.

பன்றிகள் வந்தன.
எழுதியபடியே, குடும்பத்தோடு,
குட்டிகளை முன்னே விட்டுக்கொண்டு.
கடலைக் காட்டில் வரிசையாய் இறங்கி
சாமக்கோழி கூவும்வரை பந்தி.
இவர் சுடுவார்.
பர்கூர் மலைவரை கேட்கும்.
பத்து நிமிடம் அமைதி.
மறுபடி அதே மொறுமொறு.
விடிந்ததும் வேப்பமரத்தில் உளி வைத்து
குண்டைத் தோண்டி எடுத்து
மறுபடி உருக்குவோம்.
ஒரே குண்டை ஆறு முறை வார்த்திருக்கிறேன்.
மரம்தான் ஈயம் பாய்ந்து கனத்துப் போனது.

தேர்தல் வந்தது.
லைசன்ஸ் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனுக்கு என்றார்கள்.
ஒப்படைத்து ரசீது வாங்கி
மாட்டுச்சந்தைச் சீட்டுகளோடு சொருகி வைத்தார்.
குண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவர் மஞ்சள் மூட்டையோடு ஈரோட்டுக்குப் போன ராத்திரி
பரண்மேல் நான்,
மடியில் குண்டுச் சட்டி,
கையில் டார்ச்.
மொறுமொறு.
எரிச்சல்தான். வீரமெல்லாம் இல்லை.
ஒன்றை எடுத்து வீசினேன்.
மாங்காய் அடித்த கை.
இன்னொன்று. இன்னொன்று.
எட்டாவது எங்கேயோ மூக்கில் பட்டிருக்க வேண்டும்,
ஒரு அலறல்,
ஒட்டுக்கா வேலியைப் பிய்த்துக்கொண்டு
மலைப்பக்கம் ஓடியது பந்தி.

ரிசல்ட் வந்ததும்
துப்பாக்கியை மீட்டு வர வேண்டும் என்கிறார்.
சரிங்க என்கிறேன்.

இன்று கடலைக்கொடி பிடுங்குகிறோம்.
ஒரு வேரில் காயோடு காயாய், மண் அப்பி,
கனமாய் ஒன்று.
பாத்திக் கல்லில் போட்டுப் பார்த்தேன்.
சத்தமில்லை.
மடியில் கட்டிக்கொண்டேன்.
இன்னும் மூன்று கிடைக்கவில்லை.